சும்மா நின்று பார்ப்பது எப்படி? செடி, குருவி, காடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடக்கிறோம். மரம் பார்ப்போம், குருவி பார்ப்போம், வழியில் டீ குடிப்போம். புதிதாக வருகிறவர்களும், வர முடியாமல் போனில் பேசுகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஒரு குருவியின் பெயரும் தெரியாது, ஒரு செடியின் பெயரும் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

இப்படிச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சின்ன வயதில் பூவரச இலையில் பீப்பி ஊதியிருக்கிறீர்களா?" என்பதுதான். பாதிக்கு மேல் ஆமாம் என்பார்கள். அப்படியானால் உங்களுக்குப் பூவரசு தெரியும். நன்றாகவே தெரியும். இலை ரொம்பத் தளிராக இருந்தால் கிழியும், ரொம்ப முற்றினால் சுருட்ட வராது, நடுத்தரமான இலையைச் சுருட்டி நுனியை லேசாக நசுக்கினால்தான் சத்தம் வரும் என்பதெல்லாம் உங்கள் விரலுக்கே தெரியும். அதைப் படிப்பு என்று யாரும் சொல்லாததால் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அங்கிருந்தே தொடங்குங்கள். காலையில் ஒரு பூவரச மரத்தடிக்குப் போய் நில்லுங்கள். பூ வெளிர் மஞ்சளாக இருக்கும், உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பு வட்டம். பூ வாட வாட அந்த மஞ்சள் சிவந்துகொண்டே போகும். மரத்தில் மஞ்சள் பூவும் கீழே சிவந்த பூவும் கிடப்பதைப் பார்த்து இரண்டு வகைப் பூ என்று நினைத்தவர்கள் உண்டு. அப்புறம் அதே பூவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுச் செம்பருத்தியிடம் போங்கள். முடிந்தால் ஒரு வெண்டைப்பூவையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் ஐந்து இதழ், நடுவில் ஒரு தண்டு, அந்தத் தண்டைச் சுற்றி மகரந்தப் பொட்டுகள். ஒரே குடும்பம். பருத்தியும் இவர்களுக்குச் சொந்தம்தான். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் அதற்கப்புறம் வெண்டைக்காய் நறுக்கும்போதுகூடச் சும்மா நறுக்க மாட்டீர்கள்.

பெயர்கள் அவசரம் இல்லை. ஒரு மாதம் ஒரே மரத்தைப் பாருங்கள். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி. பால்கனியில் நாலு தொட்டிதான் இருக்கிறது. இதில் என்ன பார்ப்பது?

அந்த நாலில் ஒன்று கறிவேப்பிலையாக இருந்தால் போதும்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு நாள் தளிர் இலை மேல் காக்கை எச்சம் போல ஏதோ இருந்தது. கருப்பும் வெள்ளையுமாக, ஈரமாக மினுங்கியது. துடைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். எச்சம் தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு கடுமையான வாடை. நான் கையை இழுத்துக்கொண்டதும் கொம்பு மெதுவாக உள்ளே போய்விட்டது.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், எலுமிச்சையில் முட்டையிடும் சில வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலைக்கும் வரும். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். காலாலேயே ருசி அறியும். சரியான இலைதான் என்று தெரிந்தபின் ஒரு முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். சின்னப் புழுவாக இருக்கும்வரை எச்சம் போன்ற வேஷம், ஏனென்றால் எச்சத்தை எந்தக் குருவியும் கொத்தாது. பெரிதானதும் தோலை உரித்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடும். சுமார் இரண்டு வாரத்தில் ஒரு குச்சியில் தன்னை நூலால் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அந்தக் கூடு சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

என் மகளும் நானும் காலையில் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்ப்பது வழக்கமானது. பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் கூட்டின் நிறம் கருத்தது, உள்ளே இறக்கையின் புள்ளிகள் தெரிந்தன. மறுநாள் விடிந்து எழுந்தபோது கூடு காலி. பக்கத்தில் கசங்கிய துணி போல இறக்கையோடு அது தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பிலிருக்கும் திரவம் இறக்கை நரம்புகளில் ஏற ஏறக் கசங்கல் நிமிர்ந்தது. பள்ளி வேன் ஹாரன் அடித்தும் மகள் நகரவில்லை. அன்றைக்கு அவளை நான்தான் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன்.

அப்படியானால் புழு வந்தால் மருந்து அடிக்கக் கூடாதா?

தொட்டிச் செடிக்கு அடிக்க வேண்டாம். நாலு கொத்து இலை போகும், செடி மறுபடி தளிர்க்கும். ரசத்துக்கு இலை கடையில் கிடைக்கும்.

குருவி பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல். உச்சி வெயிலில் அவையும் நிழலில்தான் இருக்கும். ஆனால் கரிச்சான், மீன்கொத்தி, பனங்காடை மூன்றும் பகலில் கரண்டுக் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும், பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாகச் சாதாரணமாக இருக்கும். அது பறக்கும்வரை காத்திருங்கள். இறக்கையை விரித்ததும் இரண்டு விதமான நீலம் பளீரென்று தெரியும். பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பைனாகுலர் வாங்கணுமா?

முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். வெறுங்கண்ணில் தவிட்டுக்குருவி, மைனா, சின்னான், தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் தாராளமாகத் தெரியும். வாங்குவதாக இருந்தால் அதன் மேல் 8, 42 என்று இரண்டு எண் போட்டதைக் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று பெரிய எண்ணாக வாங்காதீர்கள். கை நடுங்குவதும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்.

சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். என்ன செய்வது?

சந்தோஷப்படுங்கள். காதால் பார்ப்பது தனி சுகம்.

நம் முன்னோர் பல குருவிகளுக்குக் குரலையும் குணத்தையும் வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். கண்மாய்க் கரையில் நீங்கள் கால் வைத்ததும் கத்திக் கூப்பாடு போடுவது ஆட்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர். வெயில் ஏறுகிற நேரத்தில், எங்கோ ஒருவர் செம்புப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியலால் நிதானமாகத் தட்டுவது போல, ஒரே தாளத்தில் டொங்க் டொங்க் என்று கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். சத்தம் மரம் முழுக்க நிறைந்திருக்கும். ஆள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பச்சைக் குருவி. ஆழமாக ஊப், ஊப், ஊப் என்று வேலிக்குள்ளிருந்து வந்தால் செம்போத்து.

குயிலோடு விளையாடியிருப்பீர்கள். அது கூவ, நாமும் கூவ, அது இன்னும் உரக்கக் கூவும். உண்மையில் குயில் தானாகவே ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும், உச்சியில் சட்டென்று நிறுத்திவிடும். கூவுகிறவர் கருப்பு ஆண், சிவப்புக் கண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும், அதன் குரல் வேறு, கிக்கிக் கிக்கென்று அவசரமாக. காக்கைக் கூட்டில் முட்டையிடுவது அந்தப் பெண் குயில்தான்.

சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்கிற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் நீங்கள் ஒரு பெயரை ஊகித்துவிட்டு அப்புறம் அதைத் திறங்கள். ஒரு வேண்டுகோள்: குருவியை வரவழைக்க அதன் குரலைப் போனில் போட்டுக் காட்டாதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

தூக்கணாங்குருவிக் கூட்டை வீட்டு வாசலில் அழகுக்கு மாட்டலாமா?

கீழே விழுந்து கிடந்த பழைய கூடு என்றால் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். மரத்திலிருந்து அறுக்க வேண்டாம், காலி என்று நமக்குத் தோன்றுவது காலியாக இல்லாமல் இருக்கலாம்.

கூட்டைப் பின்னுவது முழுக்க ஆண். மழை தொடங்கியதும் பனையோலையிலும் நெல் தாளிலும் நீளமாக நார் கிழித்துவந்து, கிணற்று மேலோ கண்மாய்த் தண்ணீர் மேலோ தொங்கும் கிளை நுனியில் முடிச்சுப் போட்டுத் தொடங்கும். பாதி பின்னியதும், தொப்பி போல இருக்கிற நிலையில், வேலையை நிறுத்திவிட்டு இறக்கையை அடித்துக்கொண்டு பெண் குருவிகளைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், கொத்திப் பார்க்கும், இழுத்துப் பார்க்கும். பிடிக்கவில்லையா, போய்விடும். பிடித்தால் மட்டும்தான் ஆண் மீதியையும் நீளமான வாசல் குழாயையும் பின்னி முடிக்கும். கண்மாய்க் கரைப் பனையில் பாதியில் நிற்கும் தொப்பிகளை நீங்கள் எண்ணலாம். ஒவ்வொன்றும் ஒரு பெண் குருவி வேண்டாம் என்று சொன்ன வீடு.

கூட்டுக்குள் களிமண் உண்டை ஒட்டியிருக்கும், அது உண்மை. அந்த மண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கு வைக்கும் என்பது என் அப்பத்தா சொன்ன கதை. மண் கண்ணால் கண்டது. மின்மினியை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனாலும் குழந்தைகளுக்குக் கூட்டைக் காட்டும்போது இரண்டையும் சொல்கிறேன், எது பார்த்தது எது கதை என்று பிரித்துச் சொல்கிறேன்.

எங்கள் தெரு ஆலமரம் காய்க்கிறது, ஆனால் பூத்ததே இல்லை. எப்படி?

அபூர்வமாக நடப்பதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம் இல்லையா? அத்தி, ஆல், அரசு மூன்றும் ஒரே கூட்டம். இவை பூக்காமல் இல்லை. பூக்கள் பழத்துக்குள்ளேயே இருக்கின்றன. நாம் பழம் என்று சொல்வது உள்பக்கமாகத் திரும்பிய ஒரு பூந்தோட்டம். ஒரு ஆலம்பழத்தை நகத்தால் பிளந்து பாருங்கள், சுவரைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தெரிவதெல்லாம் பூ.

அந்தத் தோட்டத்துக்கு ஒரே ஒரு வாசல், பழத்தின் நுனியில் இருக்கும் சின்னக் கண். அதன் வழியாக எள்ளை விடச் சின்ன ஒரு பெண் குளவி முண்டி உள்ளே போகும். வாசல் அவ்வளவு குறுகல், இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகும். அடுத்த தலைமுறையில் இறக்கையில்லாத ஆண் குளவிகள் முதலில் பிறந்து, பெண்களோடு சேர்ந்து, வெளியே போக வழி தோண்டிக் கொடுக்கும். பெண்கள் மகரந்தத்தோடு அடுத்த மரம் தேடிப் பறக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு வகை மரத்துக்கும் அதற்கென்றே ஒரு வகைக் குளவி.

இந்தக் குளவிக்கு வருடம் முழுக்க எங்காவது ஒரு மரத்தில் காய் இருந்தாக வேண்டும். அதனால் எல்லா ஆலமரமும் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. வேறு பழம் எதுவும் இல்லாத மாதத்திலும் ஏதாவது ஒரு ஆல் பழுத்திருக்கும். குக்குறுவான், மைனா, குயில், மலையில் இருவாச்சி, ராத்திரியில் வௌவால், எல்லாரும் அங்கே ஆஜர். எங்கள் கண்மாய் ஆல் பழுத்தால் நாங்கள் நடப்பதே இல்லை. ஜமுக்காளம் விரித்து அடியில் உட்கார்ந்துவிடுவோம்.

பிள்ளைகள் போனை விட்டு நிமிர மாட்டேன் என்கிறார்கள்.

பாடம் நடத்தினால் நிமிர மாட்டார்கள். விளையாட்டைக் கொடுங்கள்.

பாதையோரத்தில் ஊதாப் பூவோடு வளரும் பட்டாசுக்காய்ச் செடியைக் கண்டுபிடியுங்கள். அதன் காய்ந்த, கருத்த காய் நாலைந்தைப் பறித்து ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். பேசாமல் காத்திருங்கள். சில நொடியில் டப் என்று வெடித்து விதை சிதறும். மழை வந்துவிட்டது, முளைக்கலாம் என்று விதைக்குத் தெரிவிக்க அந்தச் செடி கண்ட வழி அது. தொட்டாச்சிணுங்கி இன்னொன்று. தொட்டால் இலைக்காம்பின் அடியில் இருக்கும் சின்னக் குமிழிலிருந்து தண்ணீர் விலகி, இலை தொய்ந்துவிடும். மறுபடி விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனிலேயே நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஓலைக் காற்றாடி, நுங்கு வண்டி. இவை செய்யத் தெரிந்த தாத்தாக்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் போதும்.

ஒன்று மட்டும் கவனம். குன்றிமணி, காட்டாமணக்கு விதை இரண்டும் விஷம், வாயில் வைக்கக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு எருக்கஞ்செடியைக் காட்டலாம், அதில் கோடு போட்ட புழு இருந்தால் அதுவும் ஒரு வண்ணத்துப்பூச்சிதான்.

குருவிக் குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. வீட்டுக்குத் தூக்கிவரலாமா?

இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் விட்டுவிடுங்கள். பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் வருகிற இடமென்றால் பக்கத்துப் புதர்க் கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளிப் போங்கள். நாம் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியில்லை. இறகே இல்லாத குஞ்சு, கூடும் கண்ணில் படுகிறது என்றால் திரும்ப அதில் வையுங்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வருடத்துக்கு ஒரு நாள் வருகிற கொண்டாட்டத்தை ஓர் ஊரே நாரைக் குஞ்சுகளுக்காக விட்டுக்கொடுக்கிறது. அங்கே போனால் பறவையோடு அந்த ஊர்க்காரர்களிடமும் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். சென்னைக்காரர்களுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கல். மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாறை மேல் வட்டமிடும் வல்லூறுகளைப் பார்க்கக் கழுத்து வலிக்க நிற்கலாம்.

காட்டுக்குள் போனால் ஒன்றுமே தெரியவில்லையே. யானை, புலி எதுவும் காணோம்.

யானை தேடிப் போனால் காடு தெரியாது. இதை நான் கொடைக்கானலில் கற்றுக்கொண்டேன். எல்லாரும் படம் எடுக்கும் பைன் காடு மனிதர் நட்டு வளர்த்தது. வரிசையாக அழகாக இருக்கும், ஆனால் காதைத் தீட்டிக் கேளுங்கள், குருவிச் சத்தம் மிகக் குறைவு. அங்கிருந்து ஒரு சோலைக்காட்டு ஓரத்துக்குப் போனால் வித்தியாசம் உடனே தெரியும். மரங்கள் குட்டை, முறுக்கிய கிளை, அடிமரம் முழுக்கப் பாசியும் பெரணியும். கையை வைத்தால் மரப்பட்டை ஈரமாக இருக்கும். சுற்றிலும் புல்வெளி. மழையை வாங்கிப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது இந்தச் சோலையும் புல்லும்தான். பழனி மலையிலிருந்து இறங்கும் மஞ்சளாறு வைகையில் சேர்கிறது. நாங்கள் மதுரையில் குடிக்கும் தண்ணீரில் அந்தப் பாசியின் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

விடிகாலையில் ஓடைப்பக்கம் யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டு போவது போலக் கேட்டால், நின்று கேளுங்கள். மெட்டு ஏறும், இறங்கும், முடிக்கத் தெரியாமல் அலையும். அது சீகாரப் பூங்குருவி. கருநீலம், நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். முதன்முதலில் கேட்டபோது பையனைத் தேடி நான் அரை ஃபர்லாங் நடந்திருக்கிறேன்.

நீலக்குறிஞ்சி கேட்பவர்களுக்கு: 12 ஆண்டுக்கு ஒரு முறை. 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்து விதைவிட்டதும் அந்தச் செடி இறந்துவிடும்.

வனத்துறை அனுமதி உள்ள பாதையில் மட்டும் போங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே மனதுக்கு நல்லதா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து, ஒரே மருத்துவமனையில் இருந்த நோயாளிகள். பாதிப் பேர் ஜன்னலில் மரம் தெரிந்தது, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். ஜப்பானில் 1982-இலேயே காட்டில் மெதுவாக நடப்பதற்கு "காட்டுக் குளியல்" என்று பெயர் வைத்து, அரசே மக்களை அதற்கு அழைத்தது.

என் கணக்கு சின்னது. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஆனி மாதம், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் பழுத்திருந்தது. பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவர், "அந்தப் புள்ளிக் குயில் இன்னிக்கு வரலையே?" என்றார். அதுவரை அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நாங்கள் பேசியது பெரும்பாலும் அந்த மரத்தைப் பற்றித்தான்.

பார்த்ததை எழுதி வைக்கணுமா?

எழுதினால் நல்லது. தேதி, இடம், என்ன பார்த்தோம், மூன்றே வரி. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்த குருவிகளை ஈபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும், மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம்.

மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

அவர்களுக்கும் காட்டுங்கள், கூச்சம் போய்விடும். கண்மாய்க்கரை டீக்கடைக்காரர் முதல் இரண்டு வாரம் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்தாராம். மூன்றாவது வாரம் கடைக்கு எதிரே இருக்கும் வாகைமரப் பொந்தைக் காட்டி, அதில் ஒரு புள்ளி ஆந்தை பகலெல்லாம் உட்கார்ந்து அவருடைய கடையையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். தம்ளரைக் கையில் பிடித்தபடி ரோட்டைக் கடந்து வந்து பார்த்தார். ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டியது. அவரும் தலையை ஆட்டினார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்ததால் இரண்டு ஞாயிறு என்னால் வர முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "அண்ணே, மொதல்ல பொந்தப் பாருங்க. இப்ப மூணு தலை தெரியுது."